மச்சானின் முதுகு

இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரின் முகம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. முன்னால் பாடகர் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் கிட்டார், சற்றுத் தள்ளி கீபோர்டு. எல்லாருக்கும் பின்னால், சிம்பல் எனும் பித்தளைத் தட்டுகளுக்கும் உருண்டை உருண்டையான டிரம்களுக்கும் நடுவே ஒரு தலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். சுத்தி என்று எல்லாரும் கூப்பிட்டது அந்தத் தலைக்குச் சொந்தக்காரரைத்தான்.

வாசிக்க வந்த புதிதில் ஒரே நிகழ்ச்சியில் இரண்டு டிரம்களின் தோலைக் கிழித்துவிட்டதால் கிடைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. பிற்பாடு சினிமாவுக்குப் போனபோதும் சுத்திதான் கூடவே போயிற்று. பின்னால் ஒரு ‘சார்’ மட்டும் சேர்ந்துகொண்டது.

குழுவின் பாடகர் வேறு யாருமில்லை, அவருடைய மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஆனால் அந்த உறவு பின்னால் வந்தது. ஒருநாள் அண்ணன் மறந்துவிட்டுப் போன மேடைக் கோட்டை எடுத்துக்கொண்டு தங்கை ஒத்திகை அறைக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நேராக டிரம்ஸ் பக்கம் வந்து, “கொஞ்சம் மெதுவா அடிச்சாத்தான் என்ன, உயிரா போயிடும்?” என்று கேட்டாள். அன்று முழுக்க சுத்தி தடவிக் கொடுப்பது போலத்தான் வாசித்தார். பாடகர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தரம் திரும்பியபோது அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த வருடமே சுத்தி அவருக்கு மாப்பிள்ளை.

அப்புறம் பல வருடங்கள் வேனிலேயே ஓடின. தொழிற்சாலை ஆண்டு விழா, ஹோட்டல் புல்வெளி, பொருட்காட்சி மைதானம், கூரை ஒழுகும் நகர மண்டபம் என்று போகாத இடமில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியது போக மிஞ்சிய இடத்தில் மனிதர்கள் உட்காருவார்கள். சுத்தி பெரிய டிரம்மின் பெட்டிமேல் தலையைச் சாய்த்துத் தூங்கப் பழகியிருந்தார். முன் இருக்கையில் மச்சான், கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு. காற்று பட்டால் தொண்டை கெட்டுவிடும் என்று கண்ணாடியை ஏற்றச் சொல்வார். எல்லாரும் வெந்துகொண்டே போவார்கள்.

சுத்திக்கு அந்த வாழ்க்கையில் ஒரு குறையும் தெரியவில்லை. பூச்செண்டு அவர்வரை வந்து சேராது, கைதட்டல் முன்வரிசையோடு நின்றுவிடும். போகட்டும். அவருக்கு வேலை பிடித்திருந்தது. வேலை என்பது அடிப்பது மட்டும் இல்லை, பார்ப்பதும்தான். பாடகர் என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் டிரம்ஸ்காரர் பிழைக்க முடியும். பாடகரின் முகமோ கூட்டத்தின் பக்கம். ஆகவே சுத்தி முதுகைப் படிக்கக் கற்றுக்கொண்டார். வலது தோள் லேசாக ஏறினால் மூச்சைச் சேர்க்கிறார். இடது கை பின்கழுத்துக்குப் போனால் அடுத்த வரி மறந்துவிட்டது, இன்னொரு சுற்று இசை வேண்டும். கோட்டின் நுனியை இழுத்துவிட்டால் முன்வரிசையில் யாரோ பெரிய ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு புத்தகத்தைப் போல அந்த முதுகைத் தினமும் வாசித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு படப்பிடிப்புக்குக் கூப்பிட்டார்கள். விருந்துக் காட்சி ஒன்றில் பின்னணியில் வாசிக்க நிஜமான குழு வேண்டுமாம். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். அங்கே போனால், பாட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது, நீங்கள் சும்மா வாயசைத்தால் போதும் என்றார்கள். அவருடைய முகம் தொங்கிப்போயிற்று.

காட்சி இதுதான்: விருந்து களைகட்டியிருக்கும்போது கதாநாயகி போனில் ஏதோ கேட்கிறாள், முகம் மாறுகிறது, அழுதுகொண்டே வெளியே ஓடுகிறாள். குழு அதுபாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தியும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பெண் ஓடியபோது அவருடைய கை தானாக நின்றது. ஒரு குச்சி அந்தரத்தில், இன்னொன்று மடியில். பாதி எழுந்து அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உதவி இயக்குநர் பாய்ந்து வந்தார். “யோவ் டிரம்ஸு! உன்னை யாருய்யா நிறுத்தச் சொன்னது?”

“இல்ல தம்பி, அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே ஓடுது. அதைப் பாத்துக்கிட்டே எப்படித் தட்டுறது?” என்றார் சுத்தி, உண்மையிலேயே விளங்காமல்.

மானிட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் சிரித்துவிட்டார். கத்தரித்த தலைமுடியும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக இருந்த பெண்மணி; எல்லாருக்கும் அவர் மேடம். “விடுங்க. இந்த மொத்த மண்டபத்துல ஒருத்தர்தான் அவ அழறதைப் பாத்திருக்கார். அதையே வச்சுக்குவோம்” என்றார்.

படம் வந்தபோது குழுவோடு போய்ப் பார்த்தார்கள். மச்சான் வந்த இடத்தில் அவருடைய கையும் காலர் நுனியும்தான் தெரிந்தன. சுத்தியின் முகமோ திரை முழுக்க நின்றது. அரங்கில் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். சுத்தி வெட்கப்பட்டு இருக்கையில் சரிந்து உட்கார்ந்தார். மனைவி காதோடு, “மூக்குல வேர்த்திருக்கு, தொடைச்சிருக்கலாம்ல” என்றாள். ஆனால் அவருடைய கையைப் பிடித்தவள் வெளியே வரும்வரை விடவில்லை.

கொஞ்ச நாளில் மேடத்திடமிருந்து போன் வந்தது. மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் டாக்ஸி ஓட்டுநர் வேடம். வசனம் உண்டு. அங்கேதான் சுத்திக்குக் கண்ணைக் கட்டியது. மேடையில் இத்தனை வருடத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் வரியைச் சொன்னால் இரண்டாவது போய்விடும். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். கடைசியில் வசனத்தைத் தாளமாக மாற்றிக்கொண்டார். ‘அம்மா நல்லா இருக்காங்களா சார், நான் வெயிட்டிங் சார்ஜ் போடலை சார்’ என்பதை வலது காலால் தட்டித் தட்டிப் பார்த்தார். கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

காட்சி ஆரம்பித்ததும் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார். “எங்கேயோ ஆணி அடிக்கிறாங்க.”

ஆளனுப்பித் தேடினார்கள். யாரும் ஆணி அடிக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தார்கள்; மறுபடி ஆணி. அப்புறம்தான் யாரோ சுத்தியின் செருப்பைக் கவனித்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெறுங்காலோடு கட்டைவிரலை மட்டும் ஆட்டி அவர் வசனம் பேசினார். முதல் தடவையிலேயே ஓகே ஆனது. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அவருடைய பாதங்களைத் தவிர்த்தே கேமரா வைத்தார்கள்.

அடுத்தடுத்து வேடங்கள் வந்தன. தேதிகள் இடித்துக்கொள்ளாமல் எத்தனை நாள் இருக்கும்? ஒரு படப்பிடிப்பும் ஒரு பெரிய நிகழ்ச்சியும் ஒரே நாளில் வந்து விழுந்தன. சுத்தி ஒத்திகை அறையில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

மச்சான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். “அப்ப நான் என்ன பண்றது?”

“கீபோர்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார் மச்சான். நல்லா வாசிக்கிறார். ஒரே ஒரு நாள்தானே?”

“ஒரே ஒரு நாளா? இன்னிக்கு ஒரு நாளும்பே, நாளைக்கு ஒரு வாரம்பே. போ மாப்பிள்ளை, போய் உன் மூஞ்சியைக் காட்டு. ஆனா திரும்பி வந்து உக்காரலாம்னு மட்டும் நெனைக்காத.”

“இதுக்குப் போய் இவ்வளவு கோபமா மச்சான்?”

“கோபம் இல்ல. நீ கிளம்பு.”

பிளாஸ்க் மூடி அதற்குள் புரி மாறி இறுகிக்கொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தது ஒரு மாதமாயிற்று. பிறகு வருடங்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டது சுத்தியின் மனைவி. அவள் அதற்கெல்லாம் கலங்குகிற ஆள் இல்லை. கடையில் கண் பரிசோதனை அட்டையில் எழுத்துகளைக் காட்டி, “இது தெரியுதா, இது?” என்று கேட்டுப் பழகியவள். முதல் வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டாள். “எங்க அண்ணன் வீட்டுக்கு நான் போவேன், வருவேன். நீங்க அவரைப் பத்திக் கேக்காதீங்க, அவர் உங்களைப் பத்திக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போறதுக்கு எனக்கு வேற வேலை இல்லையா?” சொன்னபடியே இருந்தாள். மகள் மட்டும் மாமா வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், “அப்பா, நீ நடிச்ச படத்தை மாமா பாக்கறதே இல்லையாம். ஆனா அதுல நீ போட்டிருந்த சட்டை நல்லா இல்லைன்னு சொன்னார்” என்பாள்.

சினிமாவில் சுத்தி நன்றாகவே காலூன்றினார். பள்ளித் தலைமையாசிரியர், லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டர், லஞ்சம் வாங்காத இன்ஸ்பெக்டர், கதாநாயகியின் அப்பா, வில்லனின் வக்கீல், இரண்டு தடவை பிணம். எந்த வேடமானாலும் முந்தின நாள் மனைவியின் கடைக்குப் போவார். அவள் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடி எடுத்துக் கொடுப்பாள். “இந்த பிரேம் வேணாம், இது வீட்டுல அடங்கிப் போறவங்க போடறது. உங்க ஆளு ஊரை ஏமாத்தறவன். இதைப் போடுங்க” என்பாள். இதுவரை அவள் கணிப்பு தவறியதில்லை.

தெருவில் எல்லாருக்கும் அவரைத் தெரியும், யாரென்றுதான் தெரியாது. “சார், நீங்க எங்க பேங்க்ல இருந்தவர்தானே?” என்று கைகுலுக்குவார்கள். ஒருமுறை காய்கறிக் கடையில் ஒரு அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பெத்த பொண்ணை வீட்டை விட்டு வெரட்டிட்டு, இங்க நின்னு கத்தரிக்காய் பொறுக்கறீங்களா?” என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். முந்தின மாதம்தான் அந்தப் படம் வந்திருந்தது. சுத்தி எதிர்த்துப் பேசவில்லை. “தப்புதாங்க. அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்” என்றார். அந்த அம்மாள் சமாதானமாகி, முற்றாத காயாக நாலைத் தானே எடுத்து அவர் பையில் போட்டார்.

காத்திருப்பதுதான் நடிகர்களுக்குப் பெரிய தொல்லை என்பார்கள். சுத்திக்கு அது சுகமாக இருந்தது. மேக்கப் போட்ட முகத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விளக்குகளை ஏற்றி இறக்குகிறவர்களையும் டீ ஊற்றுகிறவர்களையும் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்குவார். தன் முறை வரும்போது சரியாக எழுந்து நிற்பார். இதைத்தானே மேடையிலும் செய்தோம் என்று அவருக்குத் தோன்றும். தோன்றும்போதெல்லாம் ஒரு முதுகும் ஞாபகத்துக்கு வரும். தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளுவார்.

அப்போதுதான் மேடம் ஒரு பெரிய வேடத்தோடு வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற ஒரு மேடைப் பாடகர். அவருடைய குரல் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தன் குழுவுக்கே தெரியாமல் மறைக்கப் பாடுபடுகிறார். படம் முழுக்க அந்த ஆள்தான்.

கதையைக் கேட்டு முடித்த சுத்தி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். பிறகு, “எனக்கு இந்த ஆளைத் தெரியும் மேடம்” என்றார்.

“தெரியும்னுதான் உங்ககிட்ட வந்தேன். முகத்துக்கு நீங்க இருக்கீங்க. குரல்தான் கிடைக்கல. பெரிய பெரிய பாடகரெல்லாம் பாடிப் பாத்துட்டாங்க. எல்லாரும் குரல் கெட்டுப்போன மாதிரி பாடறாங்க. எனக்கு, கெட்டுப்போகாம இருக்கணும்னு போராடற குரல் வேணும்.”

சுத்தி அதற்குப் பிடி கொடுக்காமல் டீயைக் குடித்தார்.

வீட்டில் நிலைக்கண்ணாடி முன் நின்று பார்த்தார். மைக்குக்குப் பதில் தலைவாரும் சீப்பு. தோளை ஏற்றினார், கோட்டு நுனியை இழுத்துவிட்டார். உச்சஸ்தாயிக்குப் போகும்போது இடது குதிகால் தரையை விட்டு எழும்பியது. கதவருகே ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினார். மடித்த துணிகளைக் கீழே போட்டுவிட்டு மனைவி நின்றிருந்தாள்.

“எங்க அண்ணன்” என்றாள்.

சுத்தி சீப்பைப் பின்னால் மறைத்தார்.

“அப்படியே எங்க அண்ணன்தான். குதிகால் உட்பட.” துணிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். “நீங்க நடிங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா அவரைக் கேக்காம இதைச் செய்யக் கூடாது.”

“கேட்டா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவாரு.”

“தள்ளினா விழுங்க. எந்திரிச்சு வீட்டுக்கு வாங்க. அதுக்கென்ன?”

மறுநாள் காலை மச்சான் வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்றாம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. மச்சானின் மனைவி கதவைத் திறந்து, ஆளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாரா இருந்தாலும் நான் வீட்டுல இல்லன்னு சொல்லு.”

“வீட்டுல இல்லைன்னு அவரே சொல்றாரு. உள்ள வாங்க” என்றார் அந்த அக்கா.

மச்சான் இளைத்திருந்தார். மேசைமேல் அதே பிளாஸ்க், புது மூடியோடு. சுத்தி உட்காரவில்லை. நின்றபடியே கதையைச் சொன்னார், வேடத்தைச் சொன்னார், யாரை மனதில் வைத்துக்கொண்டு நடிக்கப் போகிறார் என்பதையும் சொன்னார். மச்சான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எப்படி நிப்பேன்னு உனக்கு என்ன தெரியும்? செஞ்சு காட்டு.”

சுத்தி மேசையிலிருந்த கரண்டியை எடுத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்றார். குழுவின் பழைய பாட்டொன்றை முணுமுணுத்தபடி செய்து காட்டினார். தோள் ஏறியது. கை பின்கழுத்துக்குப் போனது. குதிகால் எழும்பியது.

“நிறுத்து. குதிகாலா? நான் ஒருநாளும் குதிகாலைத் தூக்கினதில்ல.”

“தூக்குவீங்க” என்றார் அக்கா அடுப்படியிலிருந்து. “பல் தேய்க்கும்போது பாடினாக்கூடத் தூக்குவீங்க.”

மச்சான் குனிந்து தன் காலைப் பார்த்தார். தன் முதுகை அவர் ஒருநாளும் பார்த்ததில்லையே. மெதுவாகக் கேட்டார். “இத்தனை வருஷமும் பின்னாடி உக்காந்து இதையா பாத்துக்கிட்டிருந்தே?”

“வேற எதைப் பாக்கறது மச்சான்? எனக்கு முன்னாடி உங்க முதுகுதானே இருந்துச்சு.”

மச்சான் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். “சரி, மிச்சத்தையும் செய்.”

சுத்தி தொடர்ந்தார். பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடம் வந்தது. அங்கே வந்ததும் நின்றுவிட்டார்.

“ஏன் நின்னுட்டே?”

“அங்க நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாது. அந்த எடத்துல நான் சிம்பல் அடிச்சுக்கிட்டிருப்பேன்.”

இது அவர்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியே இராத விஷயம். சுற்றுப்பயணத்தின் கடைசி வருடங்களில் மச்சானின் குரல் உச்சத்தில் உடைய ஆரம்பித்திருந்தது. முதல் முறை உடைந்தபோது சுத்தியின் கை தானாகப் போய்ப் பெரிய பித்தளைத் தட்டை ஓங்கி அடித்தது. அந்த முழக்கத்தில் உடைசல் அமுங்கிப்போயிற்று, கூட்டம் கைதட்டியது. அதிலிருந்து எந்தப் பாட்டானாலும், அந்தத் தோளின் நடுக்கத்தைப் பார்த்ததுமே அடித்துவிடுவார். மச்சானுக்கு அது தெரியாது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

“எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?” என்றார் மச்சான். “நீ போன அன்னிக்கு, புது ஆள் வாசிச்சான். சுத்தமாத்தான் வாசிச்சான். அந்த எடம் வந்துச்சு. சிம்பல் வரல. என் குரல் கிழிஞ்சு தொங்கறதை மண்டபம் மொத்தமும் கேட்டுச்சு. முன்வரிசையில ஒரு குழந்தை சிரிச்சுது.”

“மச்சான், அதை அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்றது? எனக்குக் குரல் போயிடுச்சு, நீ சினிமாவை விட்டுட்டு என் பின்னாடி உக்காந்து மறைச்சுக்கிட்டே இருன்னா? அதுக்குத்தான் கோபப்பட்டேன். கோபப்படறது சுலபமா இருந்துச்சு.”

அக்கா டீ கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். டீ ஆறும்வரை யாரும் தொடவில்லை. பிறகு சுத்தி, மேடம் தேடிக்கொண்டிருக்கும் குரலைப் பற்றியும் சொல்லிவிட்டார். சொன்ன மாத்திரத்தில் மச்சானின் மூக்கு விடைத்தது.

“ஓ, உடைஞ்ச குரல் வேணும்னா எங்கிட்டயா? இதோ பார் மாப்பிள்ளை. முதுகை எடுத்துக்க. குதிகாலையும் எடுத்துக்க. குரலைத் தர மாட்டேன்.”

அதுவே சுத்திக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று மாடியையும் தாளம் போட்டுக்கொண்டே இறங்கினார்.

படப்பிடிப்பு தொடங்கியது. யாரோ ஒரு பாடகர் பாடிய பாட்டைத் தற்காலிகமாக ஓடவிட்டு எடுத்தார்கள். நாலைந்து நாள் போயிருக்கும். மதிய உணவு முடிந்த நேரத்தில், பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மச்சான் தளத்துக்குள் நுழைந்தார். “என் முதுகை இவன் ஒழுங்கா வச்சிருக்கானான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்று மேடத்திடம் சொன்னார். மேடம் தன் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொன்னார்.

சும்மா இருப்பாரா அவர்? “தோளை இன்னும் தளர்த்தச் சொல்லுங்க. கோட்டை இப்படி இழுக்க மாட்டேன், ரெண்டு விரல்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உதவி இயக்குநர்கள் பல்லைக் கடித்தார்கள். மேடம் மட்டும் ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டார். பிறகு உச்ச இடம் வந்தது. ஸ்பீக்கரில் அந்தப் பாடகரின் குரல் அழகாகக் கரகரத்தது.

மச்சான் எழுந்துவிட்டார். “யாரு இவன்? இவன் தொண்டையில என்ன மீன் முள்ளா மாட்டியிருக்கு? குரல் இப்படியா உடையும்?”

“வேற எப்படி சார் உடையும்?” என்றார் மேடம், ஒன்றும் தெரியாதவர் போல.

“இப்படி” என்று சொல்லிவிட்டு மச்சான் பாடினார்.

நின்ற இடத்திலேயே, மைக் இல்லாமல் பாடினார். குரல் ஏறியது. குதிகால் எழும்பியது. உச்சியைத் தொடப்போகும் கணத்தில் அது இரண்டாகப் பிளந்தது. பிளந்த பிறகும் அவர் விடவில்லை. கிழிந்த நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரியின் கடைசிவரை வந்து சேர்ந்தார். ஏணிமேல் நின்றிருந்த விளக்குக்காரர் அப்படியே நின்றார்.

தான் என்ன செய்தோம் என்பது மச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்தது. சுத்தி மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கம் வந்தார். ஒலிப்பதிவாளர் தயங்கிக்கொண்டே, “மேடம், மைக் ஆன்லதான் இருந்துச்சு” என்றார்.

யாரும் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. மச்சான் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார். “அதை வச்சுக்காதீங்க. சாப்பிட்டு வந்த குரல். சரியா உடையல. முறையா ஸ்டுடியோவுல வச்சுப் பாடறேன்” என்றார். பிறகு சுத்தியைப் பார்த்தார். “ஒரு கண்டிஷன். டிரம்ஸ் மாப்பிள்ளைதான் வாசிக்கணும். ஆனா சிம்பல் மேல கை வைக்கக் கூடாது.”

ஸ்டுடியோவில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் சுத்தி. இந்த முறை மச்சானின் முகம் அவருக்கு நேரே இருந்தது. பாடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்பது சுத்திக்குப் புதிய செய்தி. புருவத்தின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. உதட்டோரம் குழந்தைபோல் கோணியது. பாட்டு ஏறியது. சுத்தியின் வலது கை பழக்கதோஷத்தில் தூக்கியே விட்டது. குச்சி பித்தளைத் தட்டுக்கு அரை ஜாண் மேலே நின்றது. அதை அங்கேயே பிடித்து வைப்பது அவர் செய்த வேலைகளிலேயே கஷ்டமானதாக இருந்தது. குரல் உடைந்தது. ஒரு மறைப்பும் இல்லாமல், அம்மணமாக உடைந்தது. மச்சான் கண்ணைத் திறந்து சுத்தியைப் பார்த்தார். சுத்தி தலையை ஆட்டினார், போங்க என்பதுபோல. மச்சான் போனார்.

கேட்டுக்கொண்டிருந்த மேடம் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். “இன்னொண்ணு போலாமா?” என்று மச்சான் கேட்டபோது, “வேணாம் சார், இதுக்கு மேல வேணாம்” என்றார்.

படம் வந்தது. பிரமாதமாக ஓடியது என்று சொல்ல முடியாது. பார்த்தவர்கள் இன்னொரு தரம் பார்த்தார்கள். முதல் ஞாயிறு பகல் காட்சிக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து போனது. வெளியே வந்ததும் ஒரு கும்பல் சுத்தியைச் சூழ்ந்துகொண்டது. “சார், ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு ஒருவர் தன் போனைப் பக்கத்தில் நின்றிருந்த மச்சானிடமே நீட்டினார். சுத்தி பதறிப்போய், “ஐயோ, பாட்டு பாடினதே இவர்தாங்க” என்று சொல்வதற்குள் மச்சான் போனை வாங்கிக்கொண்டார்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை. தலையைக் கொஞ்சம் நிமித்து. தாடை ரெண்டா தெரியுது.”

ஒன்றுக்கு நாலு படமாக எடுத்துக் கொடுத்தார். அதற்குள் விஷயம் தெரிந்த ஒரு பெண் ஓடி வந்து, “நீங்கதான் பாடினீங்களா சார்?” என்று மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் கோட்டு நுனியை இரண்டு விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது மனைவி கார் ஓட்டினாள். முன்னால் அக்கா. பின்னால் மகளை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் இரண்டு பேர்.

“மேடம் போன் பண்ணாங்க” என்றார் மச்சான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “ஏதோ ஒரு படத்துல கதாநாயகனுக்கு அப்பா வேஷமாம். அப்பாவா என்னால முடியாது. அண்ணன்னா பண்றேன்னு சொல்லிட்டேன்.”

“கதாநாயகனுக்கு வயசு இருபத்தஞ்சு மாமா” என்றாள் மகள்.

“அதனால என்ன? மூத்த அண்ணன்.”

“நாளைக்குக் கடைக்கு வா அண்ணே, பிரேம் பாத்துத் தரேன்” என்றாள் சுத்தியின் மனைவி, சிக்னலில் வண்டியை நிறுத்தியபடி.

“நல்லவங்க போடற பிரேமா பாத்துக் குடு.”

“போட்டுப் பாத்துதான் சொல்ல முடியும்.”

சுத்தி சிரித்துக்கொண்டே கண்ணாடியை இறக்கினார். காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. ஏற்றச் சொல்லி மச்சான் அதட்டவில்லை. தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, பசிக்கிறது, போகிற வழியில் எங்கேயாவது நிறுத்து என்று தங்கையிடம் சொன்னார்.